வாசல்ல நிறுத்துன வண்டி

நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யின்னா மேடம், அடுத்து நான் ரிவர்ஸ் எடுக்கிற வண்டி நேரா போய் அந்த கரண்டு கம்பத்துல மோதட்டும். அதுவும் ஓனரு பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருக்கசொல்ல மோதட்டும். இதுக்கு மேல ஒரு பார்க்கிங்காரன் சத்தியம் பண்ண முடியாது. புள்ளகுட்டி மேல பண்ணலாம்னா எனக்கு அதெல்லாம் கிடையாது. சாமி மேல பண்ணலாம், ஆனா சாமி நம்ம பேச்ச சீரியஸா எடுத்துக்கறத வுட்டு ரொம்ப நாளாச்சி.

நீங்க கேட்டதுக்கே வரேன். "இங்க வெயிட்டிங் ரொம்ப நேரம் ஆவும் போல, பக்கத்துல வேற எங்கனா நல்லா சாப்ட கிடைக்குமா"ன்னு கேட்டீங்கல்ல. சரியான ஆள்கிட்டதான் கேட்டீங்க. நுங்கம்பாக்கத்துல, இந்த காதர் நவாஸ்கான் ரோட்டுலயும் அத சுத்தி இருக்கிற சந்துலயும் எனக்கு தெரியாத ஓட்டல் கிடையாது. உள்ள போய் சாப்ட்டிருக்கேனான்னு கேக்காதீங்க. ஒன்னுல கூட இல்ல. ஆனா சாப்ட்டு வெளிய வர்றவங்க மூஞ்சிய வருசக்கணக்கா பாத்துக்கினு இருக்கேன். அது போதும். சாப்பாடு நல்லாருந்திச்சின்னு வைங்க, வண்டி வர்ற வரைக்கும் கம்முனு நிப்பாங்க, பல்ல குத்திக்கினு, வூட்டுக்காரம்மா தோள்மேல கைய போட்டுக்கினு. நல்லால்லன்னு வைங்க, "ஒரு வண்டி எடுக்க எவ்ளோ நேரம்பா"ன்னு என் மேல பாய்வாங்க. கொழம்புல உப்பு இல்லன்னாலும் திட்டு எனக்குதான்.

அதோ முனையில மொத்தமும் கண்ணாடியா ஒன்னு இருக்கு பாருங்க, அங்க போவாதீங்க. தட்டு கிடையாது. கருங்கல்லு. கல்லு மேல சோத்த வெச்சி குடுக்கிறான். எங்க பக்கம் காக்காவுக்குதான் அப்டி வெப்போம். அதுக்கு எதிர்ல ஒன்னு, உள்ள லைட்டே போட மாட்டான், மெழுகுவத்திதான். இன்னா துன்றோம்னு தெரிஞ்சிட்டா எழுந்து போயிடுவாங்கன்னு பயம் போல. மாடி மேல பச்சை போர்டு தொங்குதே, அது எல தழை சமாச்சாரம். ஒரு அம்மா அங்க வயிறு ரொம்ப சாப்ட்டு கீழ எறங்கி வந்து, சாவி வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டுது, "பக்கத்துல எங்கனா சூடா பஜ்ஜி கிடைக்குமாப்பா"ன்னு.

அப்போ எங்கதான் சாப்டறதுன்னு கேக்கறீங்களா. இங்கதான். நீங்க இப்போ நம்பர் சீட்டு வாங்கிக்கினு ஸ்டூல்ல குந்திக்கினு இருக்கீங்களே, இதே எடம்தான். இந்த ஏரியாவுல நாக்கு இருக்கிறவன் சாப்ட வேண்டிய எடம் இது ஒன்னுதான். அத்த என் வாயாலயே சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அதான் வயிறு எரியுது.

இந்த போர்டுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்கு படிக்க வராது. எனக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்ச எழுத்தெல்லாம் நம்பர் ப்ளேட்டு எழுத்துதான். பூங்காஸ் கிச்சன்னு சொல்றாங்க. கிச்சனாம். இது பூங்காவனம் வூடு மேடம். போர்டு கீர்டு எல்லாம் இல்லாத காலத்துல இருந்து இது பூங்காவனம் வூடு.

என் பேரு தேசிங்கு. ராஜா பேருதான். அவரு குதிரை ஓட்னாரு, நான் அடுத்தவன் குதிரைய ஓட்டறேன். அப்போ நான் மெயின் ரோட்ல ஒரு இத்தாலி ஓட்டல்ல பார்க்கிங் பாத்துக்கினு இருந்தேன். இத்தாலின்னா பயப்படாதீங்க, ஓனரு திண்டிவனம். நானும் கஜான்னு ஒருத்தனும் ஜோடி. கஜாவுக்கு வயசு முப்பதுக்கு மேல ஆவுது, ரெண்டு புள்ளைங்க இருக்கு, ஆனா புத்தி மட்டும் இன்னும் எல் போர்டு. ஓட்டல்ல மாடியும் கீழயும் சேத்து நூறு பேரு குந்தலாம். வண்டி நிக்க எடம் கிடையாது. அதான் இந்த ஏரியா. நீங்க பாட்டுக்கு சாவிய எங்கையில குடுத்துட்டு உள்ள போயிடறீங்க. அந்த வண்டி எங்க போவுது, எவன் வூட்டு வாசல்ல நிக்குதுன்னு யாரனா ஒருத்தரு திரும்பி பாத்திருக்கீங்களா. நாங்கதான் சந்து சந்தா சுத்தி எடம் புடிச்சி வுடணும். வுட்டுட்டு ஒருத்தன் அங்கயே நின்னு காவல் காக்கணும், இல்லன்னா எவனாவது கோடு கிழிச்சிட்டு போயிடுவான்.

அப்டி எடம் தேடிக்கினு வந்து நான் கண்டுபுடிச்சதுதான் இந்த சந்து. இந்த சந்துல ஒரு வூடு. வூட்டு முன்ரூம்ல நாலு பெஞ்சு. உள்ள அடுப்பு. அடுப்பாண்ட பூங்காவனம்.

புருசன் போய் சேந்து நாலஞ்சி வருசம் ஆயிருந்திச்சி அப்போ. தனி ஆளா சமைச்சி போட்டுக்கினு இருந்திச்சி. யாருக்கு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. பங்களாவுல கார் ஓட்றவங்க, துணிக்கடையில நிக்கிற செக்யூரிட்டி, ஏடிஎம்ல குந்தியிருக்கிற சாமுவேல் பெரியவரு. மத்தியானம் மட்டும்தான். சோறு, மீன் கொழம்பு, ரசம், ஒரு பொரியல். வந்து குந்தனா வரும். இன்னா இருக்குன்னு கேக்க கூடாது. கேட்டா, "வூட்ல இப்டிதான் கேப்பியா"ன்னு கேக்கும்.

மொத நாளே எனக்கு தலைய வெச்சிச்சி. மீன் தலை. கேக்கல, வெச்சிச்சி. மறுநாளும் வெச்சிச்சி. அப்புறம் நான் எவ்ளோ லேட்டா வந்தாலும் எனக்குன்னு ஒரு கிண்ணத்துல தலை தனியா மூடி வெச்சிருக்கும். இதுக்கு இன்னா அர்த்தம் மேடம். நீங்க பொம்பள, நீங்களே சொல்லுங்க. இந்த கஜா இன்னா சொன்னான் தெரியுமா. "அண்ணா, மத்தவன்லாம் டிரைவரு, பாதி சோத்துல முதலாளி போன் வரும், எழுந்து ஓடணும். தலைய ஒடச்சி உறிஞ்சிக்கினு குந்தியிருக்க எவனுக்கு நேரம் இருக்கு. உனக்குதான் காவல் வேலை. அதனால உனக்கு வெக்குது"ன்னான். பொறாமை. அவனுக்கு எப்பவும் வால்தான் வரும்.

பூங்காவனம் என்ன அண்ணான்னுதான் கூப்டும். தேசிங்கண்ணா, தேசிங்கண்ணான்னு. அத்த நான் பெருசா எடுத்துக்கல. நாலு பேரு குந்திக்கினு இருக்கிற எடத்துல ஒரு பொம்பள வேற எப்டி கூப்டும். மரியாதைக்கு கூப்டறது அது. உள்ளுக்குள்ள வேற இருக்கும்.

சரி, அது தலைய வெக்குது, நான் பதிலுக்கு இன்னா பண்றது. பூ வாங்கி குடுக்கலாம். பூவ எவன்தான் வாங்கி குடுக்க மாட்டான். நான் இன்னா பண்ணேன் தெரியுமா. ஓட்டலுக்கு வர்ற வண்டியிலயே நல்ல வண்டியா பாத்து, கருப்பா, நீட்டா, கண்ணாடி மாதிரி இருக்கும் பாருங்க, அந்த மாதிரி வண்டிய எடுத்துக்கினு வந்து பூங்காவனம் வாசல்ல வுடுவேன். சின்ன வண்டி, பழைய வண்டி எல்லாம் சந்து முனையில. வாசல்னா பெரிய வண்டிதான். அன்னைக்கு ஓட்டலுக்கு வந்ததுலயே எது ஒசத்தியோ அது பூங்காவனம் வாசல்ல நிக்கும். எவன் குடுப்பான் மேடம் அந்த மாதிரி. ஒரு நாளு சினிமா எடுக்கிறவரு வண்டி. ஒரு நாளு நகைக்கடை மொதலாளி வண்டி. தொடச்சி வேற வெப்பேன்.

அது கரண்டியோட வாசலுக்கு வரும். வண்டிய பாக்கும். என்ன பாக்கும். "தள்ளி வுடுண்ணா, காத்து வரல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடும். வெக்கம். நான் தள்ளி வுட மாட்டேன்.

இப்டியே ஓடிச்சி. கேட்டுடலாம் கேட்டுடலாம்னு தெனமும் நெனைப்பேன். மீன் தலைய முன்னாடி வெச்சிக்கினு எப்டி கேக்கறது. வாயில முள்ளு இருக்கும். சரி, அவசரம் இன்னா, அது எங்க போயிடப்போவுதுன்னு வுட்டுட்டேன்.

அப்புறம்தான் இவங்க வந்தாங்க.

ஒரு நாள் மத்தியானம், நான் வாசல்ல ஒரு வெள்ளை வண்டிய, சும்மா யானை மாதிரி வண்டி, ஒயுங்கா வுட்டுட்டு எறங்கறேன். ஒரு ஜோடி நின்னுக்கினு இருக்கு. பையன் கொண்டை போட்டிருக்கான், பொண்ணு முடிய ஒட்ட வெட்டியிருக்கு. அந்த பொண்ணு வண்டிய பாத்துது. என் யூனிபார்ம பாத்துது. வூட்ட பாத்துது. "வாலே பார்க்கிங்லாம் இருக்கா இங்க"ன்னு கேட்டுது. நான் நெஞ்ச நிமித்திக்கினு, "இந்த சந்துல நிக்கிறது எல்லாமே நம்ம வண்டிதாம்மா"ன்னேன். உண்மைதானே. ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துக்கினு உள்ள போச்சிங்க.

"டேபிள் இருக்கா"ன்னு கேட்டான் கொண்டை.

"டேபிள் இல்ல. சோறு இருக்கு"ன்னிச்சி பூங்காவனம்.

"மெனு?"

"குந்து. வரும்."

சாமுவேல் பெரியவரு பக்கத்துல குந்திச்சிங்க. அவரு பாவம், பொண்ணு பக்கத்துல வந்து குந்திச்சேன்னு தட்ட எடுத்துக்கினு செவுத்தோட செவுரா ஒட்டிக்கினாரு. அதுங்க சோத்த போட்டோ புடிச்சிதுங்க. கொழம்பு சட்டிய போட்டோ புடிச்சிதுங்க. செவுத்துல காலண்டர போட்டோ புடிச்சிதுங்க. சோறு ஆறிப்போச்சி, அப்புறம் துன்னுச்சிங்க. துன்னதும் அந்த பொண்ணு கண்ணுல தண்ணி. காரமா, சந்தோசமா, இன்னான்னு தெரியல.

மறுவாரம் பத்து பேரு வந்தாங்க. அதுக்கு மறுவாரம் வாசல்ல லைனு. நாங்க சாப்ட வந்தா எடம் இல்ல. எங்க பெஞ்சுல வேற யாரோ குந்திக்கினு, தண்ணி சொம்ப திருப்பி திருப்பி பாத்துக்கினு இருக்காங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சி மேடம். யாரோ காட்டிக் குடுத்திருக்கான். இத்தினி வருசம் இந்த சந்துக்குள்ள இப்டி ஒரு சோறு இருக்குன்னு வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. நாங்க அப்டி பொத்தி பொத்தி வெச்சிருந்தோம். எவன் வாய தொறந்தான். ஒவ்வொருத்தனையா புடிச்சி கேட்டேன். சாமுவேல் பெரியவர கேட்டேன், "நான் பொண்டாட்டிகிட்டயே சொல்லலப்பா, சொன்னா அவ சமையல நிறுத்திடுவா"ன்னாரு. அதுல நியாயம் இருந்திச்சி. டிரைவருங்கள கேட்டேன். கடைசியில கஜாகிட்ட வந்து நின்னேன். அவன்தான் புதுசா போன் வாங்கியிருந்தான். எப்பப்பாரு அதுலயே மூஞ்சிய வெச்சிக்கினு இருப்பான்.

"நீதானடா."

"நான் இல்லண்ணா."

"போன காட்டு."

காட்டனான். மொத்தமும் அவன் புள்ளைங்க போட்டோ. அது கூட கலங்கலா இருந்திச்சி.

"அண்ணா, ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே"ன்னான்.

"சொல்லித் தொல."

"நீ தெனமும் வாசல்ல கப்பல் மாதிரி வண்டிய வுட்ற. ரோட்ல போறவன் பாக்கறான். இவ்ளோ பெரிய வண்டியில வந்து இந்த சந்துல துன்னுட்டு போறாங்கன்னா உள்ள இன்னாவோ விசயம் இருக்குன்னு நெனைக்க மாட்டானா. அன்னைக்கு ஒரு பொண்ணு போன்ல பேசிக்கினே போச்சி, என் காதால கேட்டேன். 'வெளிய நிக்கிற காரெல்லாம் பாரு, உள்ள யாரோ பெரிய ஆளு சமைக்கிறாங்க'ன்னு."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சி மேடம். "டேய், வாசல்ல வண்டி நின்னா வண்டிக்காரன் உள்ள துன்றான்னு அர்த்தமா. அப்போ சுடுகாட்டாண்ட வண்டி வுட்டவன்லாம் செத்துட்டானா"ன்னு கேட்டேன். படிச்சவங்க மேடம் அவங்க. காலேஜி போனவங்க. வண்டிய பாத்துட்டு சோறு துன்ன வருவாங்களா. நீங்க வந்தீங்களா அப்டி. சிரிக்கிறீங்க. அதான். இவன் தப்ப மறைக்க என் தலையில கட்டப்பாத்தான்.

அன்னையில இருந்து அவங்கூட பேச்சு இல்ல. பேச்சு இல்லாம போனதும் அவன் இன்னா பண்ணான் தெரியுமா. நேரா பூங்காவனத்தாண்ட போய் வேலைக்கு சேந்துட்டான். இப்போ உள்ள நம்பர் கூப்டறானே, வெள்ளை சட்டை, கழுத்துல டை, அவன்தான். டை கட்டத்தெரியாது. பூங்காவனம்தான் கட்டி வுடுது.

இருங்க, தண்ணி குடிச்சிக்கறேன்.

அதுக்கப்புறம் பூங்காவனம் எங்கள துரத்தன விதம் இருக்கே, அத்த சொல்லணும். துரத்தறதே தெரியாம துரத்திச்சி. மொதல்ல, "கொஞ்சம் ஓரமா குந்துங்கண்ணா, வெளிய ஆளு நிக்கிறாங்க"ன்னிச்சி. சரின்னு ஓரமா குந்தனோம். அப்புறம், "பின்பக்கம் காத்து நல்லா வரும்ணா"ன்னிச்சி. பின்பக்கம் போனோம். காத்து வந்திச்சி, சாக்கடை காத்து. அப்புறம், "மூணு மணிக்கு மேல வாங்கண்ணா, நிம்மதியா சாப்டலாம்"னிச்சி. மூணு மணிக்கு மேல பார்சல் ஆச்சி. பார்சல் ஆனதும் டிரைவருங்க ஒவ்வொருத்தனா கழண்டுக்கினான். சாமுவேல் பெரியவரு வூட்ல இருந்து தயிர்சாதம் எடுத்துக்கினு வர ஆரம்பிச்சிட்டாரு. முன்ரூம்ல ஏசி வந்திச்சி. பெஞ்சு போயி நாற்காலி வந்திச்சி. காலண்டர மட்டும் எடுக்கல. அது அழகா இருக்குதாம்.

நான் மட்டும் வுடல. ஒரு நாளு மூணரை மணிக்கு பின்பக்கமா போய் நின்னேன். எப்பவும் என் கிண்ணம் அடுப்பு மேடையில மூடி இருக்கும். அன்னைக்கு இல்ல.

"தலை போயிடுச்சிண்ணா"ன்னிச்சி.

"எங்க போச்சி."

"மெனுல போட்டிருக்கோம். ஒருத்தரு கேட்டாரு, குடுத்துட்டேன்."

நான் கதவிடுக்குல எட்டி பாத்தேன். உள்ள ஏசியில ஒருத்தன் குந்திக்கினு, என் தலைய, முள்கரண்டியால குத்திக்கினு இருக்கான். அடிபட்ட வண்டிய இன்சூரன்ஸ்காரன் பாக்கிற மாதிரி சுத்தி சுத்தி பாக்கறான். கண்ண நோண்டி எடுத்தான் மேடம். எடுத்து, தட்டு ஓரத்துல வெச்சிட்டான். கண்ண. துன்னல. வெச்சிட்டான். நான் பார்சல் கூட வாங்காம அப்டியே திரும்பி வந்துட்டேன். பெத்த தாய் செத்தப்போ கூட நான் நிதானமா இருந்தவன்.

அன்னைக்கு ராவெல்லாம் யோசிச்சேன். தப்பு யார் மேலன்னு யோசிச்சேன். பூங்காவனம் மேல இல்ல. தனியா இருக்கிற பொம்பள. கஜா மாதிரி ஆளு கூட சேந்தா புத்தி எப்டி இருக்கும். ஆம்பளன்னு ஒருத்தன் பக்கத்துல இருந்து எடுத்து சொன்னா கேட்டுக்கும். நான் கேக்க வேண்டியத கேக்காம வுட்டதுதான் இவ்ளோத்துக்கும் காரணம். கேட்டுடறதுன்னு முடிவு பண்ணேன்.

சலூனுக்கு போனேன். முடிக்கு சாயம் போட்டேன். மீசைக்கும் போட்டேன். புது சட்டை. என்ன பாத்துட்டு இத்தாலி ஓட்டல் சமையல்காரன், "இன்னா தேசிங்கு, ஷோரூம்ல இருந்து நேரா வர்றியா"ன்னான். மத்தியான கூட்டமெல்லாம் கலஞ்சதும் போனேன். அது கல்லாவாண்ட குந்தி நெத்திய புடிச்சிக்கினு இருந்திச்சி. களைப்பு. என்ன பாத்ததும் மூஞ்சி மலந்திச்சி. சத்தியமா மலந்திச்சி மேடம், அத்த நான் பாத்தேன்.

"வாண்ணா. நானே உன்ன கூப்ட்டு பேசணும்னு இருந்தேன்."

"நானும்தான்"னேன்.

"நான் மொதல்ல சொல்லிடறேன். இல்லன்னா சொல்ல வராது. நீ இன்னா நெனைப்பியோன்னு ரெண்டு மூணு நாளா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருக்கேன்."

"நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். சொல்லு பூங்காவனம்."

"அந்த இத்தாலி ஓட்டல வுட்டுடுண்ணா. இங்கியே வந்துடு. தனியா எவ்ளோ நாளுதான் நான் சமாளிக்கிறது. எனக்கும் நம்பகமா ஒரு ஆளு வேணும். உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா."

மேடம், எனக்கு காது அடைச்சிடுச்சி. மவுண்ட் ரோடு சிக்னல்ல நிக்கிற வண்டியெல்லாம் ஒரே நேரத்துல ஹாரன் அடிச்சா எப்டி இருக்கும், அப்டி இருந்திச்சி. நான் இன்னா சொன்னேன் தெரியுமா. கொஞ்சம் கெத்தா, "இத்த நீ மூணு வருசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்"னேன்.

அது சிரிச்சிச்சி. "மூணு வருசம் முன்னாடி எனக்கு ஏதுண்ணா இவ்ளோ வண்டி"ன்னிச்சி.

எனக்கு அப்பவும் புரியல. வண்டி எங்க இதுல வந்திச்சின்னு நிக்கறேன். அது எழுந்து போய் அலமாரிய தொறந்திச்சி. ஒரு கவர எடுத்துக்கினு வந்து ரெண்டு கையாலயும் குடுத்திச்சி. தொறந்து பாத்தா இதான். நான் போட்டிருக்கேனே, இந்த நீல பனியன். முதுகுல பெரிய எழுத்துல வாலேன்னு போட்டிருக்காம். எனக்குன்னு அளவு சொல்லி தெச்சதாம். தொப்பை வரைக்கும் கணக்கு பண்ணி தெச்சிருந்திச்சி.

"வர்ற வண்டியெல்லாம் சந்துல குறுக்க நிக்குதுண்ணா. எதிர்வூட்டுக்காரங்க தெனமும் சண்டைக்கு வராங்க, கடையவே மூட சொல்லுவாங்க போல. நீ இருந்தா எனக்கு அந்த கவலை இல்ல"ன்னிச்சி.

கவர மடிச்சிக்கினு கெளம்பனேன். வாசப்படி தாண்டசொல்ல பின்னாலயே வந்திச்சி. "இன்னொன்னுண்ணா. நீ அப்போல்லாம் வாசல்ல நல்ல நல்ல வண்டியா வுடுவியே, அந்த மாதிரியே வுடு. சின்ன வண்டியெல்லாம் பின்னால போட்டுடு. வாசலு பாக்க நல்லாருக்கணும்."

இத்ததான் மேடம் என்னால ஜீரணிக்க முடியல. தலைய வித்துச்சி, சரி, பொழப்பு. பெஞ்ச எடுத்துச்சி, சரி. ஆனா வாசல்ல நான் வுட்ட வண்டி இருக்கே, அது யாருக்காக வுட்டது. அன்னைக்கு தள்ளி வுடு தள்ளி வுடுன்னிச்சி. இன்னைக்கு அதையே வேலையா குடுக்குது. நான் ஆசையா பண்ணது, இப்போ டூட்டி. இத்தவிட ஒரு துரோகம் இருக்கா, சொல்லுங்க.

அப்புறம் ஏன் இந்த பனியன போட்டுக்கினு இங்க நிக்கறேன்னு கேக்கறீங்க. கண்ணுல தெரியுது, கேக்கறீங்க. கோவத்துலதான் நிக்கறேன். வேற எவனாவது வந்து நின்னான்னா ஒரே நாள்ல அந்த எதிர்வூட்டு இரும்பு கேட்ட வண்டியால இடிச்சி தள்ளிடுவான். அப்புறம் கடைய மூடிட்டு நிக்கும் அது. நிக்கட்டும்னு வுட்டுட்டு போலாம். போலாம்தான். நாளைக்கு போலாம்னு இருக்கேன்.

சாப்பாடா. இந்த கடை சோத்த தொட மாட்டேன்னு மொத நாளே சொல்லிட்டேன். ஆனா தெனமும் நாலு மணிக்கு கஜா ஒரு டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வந்து அந்த திட்டு மேல வெச்சிட்டு போயிடறான். பேசறதில்ல, வெச்சிட்டு போயிடறான். தொறந்தா சூடா இருக்கும். நேத்து கூட சுறா புட்டு. மெனுல அது கிடையாது, எனக்கு தெரியும், உள்ள வந்து சாப்ட்டவங்கள கேட்டுட்டேன். குத்த உணர்ச்சி மேடம். செஞ்ச துரோகம் உறுத்துது, அதுக்கு லஞ்சம். வேற இன்னாவா இருக்க முடியும். துன்னுடுவேன். சோறு இன்னா பாவம் பண்ணிச்சி.

உங்க வண்டி எங்கன்னு தேடறீங்களா. வாசல்ல இல்ல, பின்னால குப்பைத்தொட்டியாண்ட. கோச்சிக்காதீங்க. நல்ல வண்டிதான். நல்ல மனசு இருக்கிற வண்டி. ஆனா வாசலுக்கு பத்தாது, அதுக்கு அங்க ஒருத்தன் ஜாகுவார்ல வந்திருக்கான் பாருங்க. எப்டி வுட்டிருக்கேன் பாத்தீங்களா, வாசப்படிக்கு நேரா, நூல் புடிச்சா மாதிரி. சொன்ன வேலைய செஞ்சிருக்கேன், அவ்ளோதான்.

அதோ, உங்க நம்பரதான் கூப்டறான் அந்த டை கட்டன பய. போங்க. இருங்க இருங்க, அந்த ரூவா நோட்ட உள்ள வைங்க. அது வண்டி எடுத்ததுக்கு, அத்த அப்புறம் தனியா வாங்கிக்கறேன், வுட மாட்டேன். கதைக்கு கூலி வேற, அத்த இப்போ சொல்றேன். இவ்ளோ நேரம் உக்காந்து கேட்டீங்க, பொழுது போச்சி, பசியும் தெரியல. சும்மாவா.

உள்ள போங்க. நல்லா சாப்டுங்க. சாப்ட்டு கை கழுவிட்டு கல்லாவாண்ட வாங்க. அங்க அது குந்தியிருக்கும். காசு குடுக்கசொல்ல, போற போக்குல, சும்மா கேக்கிற மாதிரி கேளுங்க. "வெளிய பார்க்கிங்ல நிக்கிறாரே, ஆளு ஜம்முனு இருக்காரு, அவருக்கு கல்யாணம் ஆயிடுச்சா"ன்னு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். அது மூஞ்சிய மட்டும் பாருங்க. சிரிக்குதா, மொறைக்குதா, "நீங்க ஏன் கேக்கறீங்க"ன்னு வெடுக்குனு கேக்குதா. கேட்டுச்சின்னா அந்த வெடுக்க அப்டியே கொண்டாந்து எங்கிட்ட சொல்லுங்க, கொறைக்காம. "அண்ணனுக்கா"ன்னு ஆரம்பிச்சிச்சின்னு வைங்க, மீதிய கேக்காதீங்க, கெளம்பி வந்துடுங்க. எங்கிட்டயும் ஒன்னும் சொல்ல வேணாம். கைய நீட்டுங்க, சாவிய வெச்சிடறேன், புரிஞ்சிக்கறேன்.

ஆனா கேக்காமயே வந்து கேட்டேன்னு சொன்னீங்க, எனக்கு தெரிஞ்சிடும். மூஞ்சி பாக்கறதுதானே என் தொழிலு. அப்புறம் உங்க வண்டிய எங்க வுட்டேன்னு எனக்கு மறந்து போயிடும். நுங்கம்பாக்கத்துல சந்து நெறைய இருக்கு மேடம், நீங்களே தேடிக்கோங்க.